மூன்று நாள், நான்கு நாள்

எங்கள் டீமில் மாதம் ஒருமுறை யாராவது இருபது நிமிடம் எதைப் பற்றியாவது பேச வேண்டும். வேலை சம்பந்தமாக இருக்கவேண்டும் என்றில்லை. ஒருத்தர் காபிக்கொட்டை பற்றிப் பேசினார், இன்னொருத்தர் சுடோகு பற்றி. என் முறை வந்தபோது பாக் விரிகுடா மீனவர்களை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன், தலைப்பு 'கடலில் ஒரு ஷெட்யூலர்'.

விஷயம் இதுதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஒரே கடலில் இரண்டு விதமான ஆட்கள் மீன்பிடிக்கிறார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் வலையைக் கடலில் விரித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். விசைப்படகுக்காரர்கள் மடியைக் கடலடியில் போட்டு, வாய் விரிந்து நிற்க இரண்டு பலகைகளைக் கட்டி, இன்ஜின் பலத்தில் இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒன்று நிற்கிற வலை, இன்னொன்று ஓடுகிற வலை. இருட்டில் இரண்டும் சந்தித்தால் நிற்கிற வலைக்குத்தான் சேதம். ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் மொத்த முதலும் அறுந்துபோகும். 1970களின் பிற்பகுதியில் தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் இந்தச் சண்டை முற்றிப் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. பாக் விரிகுடாவில் பேச்சுவார்த்தை நடத்தி ஒரு தீர்வுக்கு வந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி இவர்களுக்கு. மிச்சம் அவர்களுக்கு.

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கும். ஒரே ஒரு ப்ராசசர் இருக்கிறது, இரண்டு நிரல்கள் அதற்காகப் போட்டியிடுகின்றன, நேரத்தைத் துண்டுபோட்டு மாற்றி மாற்றிக் கொடு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தின் இரண்டாவது யூனிட். கடலில் கோடு கிழிக்க முடியாது, மீன் கோட்டை மதிக்காது, ராத்திரி மூன்று மணிக்குக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் கிழமையை யாரும் மறுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஒரு விசைப்படகு துறையைவிட்டுக் கிளம்பினால் கரையில் நிற்கிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்துவிடும். 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை, அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டரை, நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. அந்த மைல் கணக்கு மீறப்படுகிறது என்ற புகார் நாற்பது வருடமாக ஓயவில்லை. கிழமைக் கணக்கு தாக்குப்பிடித்து நிற்கிறது. இதையெல்லாம் ஸ்லைடு போட்டுச் சொன்னேன். கைதட்டினார்கள்.

முடிந்த பிறகு டொராண்டோ டீமிலிருந்து ஒரு அக்கா தனியாக அழைத்தார். பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். "நல்லாச் சொன்னனீங்கள் தம்பி. ஒண்டு கேக்கட்டே? உங்கட அந்த மூண்டு நாளும் எங்கட ஆக்கள் கடலுக்குப் போறேல்ல, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியில்லை. தனித்தனித் துண்டாக எல்லாம் தெரியும், சேர்த்துப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்று நாளைப் பற்றியது. ஆனால் நான் மீன்வள நிபுணன் இல்லை, நாவல் வாசிக்கிறவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் போகிறேன்.

முதலில் ஒரு கதை. ஒரு மேய்ச்சல் நிலம், எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு மேய்ப்பனும் இன்னொரு மாடு சேர்த்தால் லாபம் தனக்கு, நஷ்டம் எல்லோருக்கும் என்று கணக்குப் போடுகிறான். எல்லோரும் அதே கணக்கைப் போடுகிறார்கள். நிலம் கட்டாந்தரை ஆகிறது. 1968இல் காரெட் ஹார்டின் 'சயன்ஸ்' இதழில் எழுதிய 'பொதுநிலத்தின் அவலம்' கட்டுரையில் வரும் கதை இது. உண்மையில் அந்தக் கட்டுரை மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றியது, மேய்ச்சல் நிலம் அதில் சில பத்திகள்தான். ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது அந்தச் சில பத்திகளை. கடல், காடு, ஏரி, எதைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருத்தர் இந்த மேய்ப்பனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நானும் என் முதல் ஸ்லைடில் அவனைத்தான் நிறுத்தியிருந்தேன்.

இதைப் பொருளாதாரமாக வைத்துக்கொண்டு பலர் மறுத்துவிட்டார்கள். ஹார்டினே 1998இல், 'நிர்வகிக்கப்படாத' பொதுநிலம் என்று சொல்லியிருக்க வேண்டும் என ஒத்துக்கொண்டார். எனக்கு அது கதையாகத்தான் தொந்தரவு தருகிறது. சிறுகதைப் பட்டறைக்கு யாராவது இதை எடுத்துக்கொண்டு வந்தால் என்ன சொல்வோம்? மேய்ப்பர்களுக்குப் பெயர் இல்லை. ஒருத்தனுக்கும் மனைவி இல்லை, மச்சான் இல்லை, கடன் கொடுத்தவன் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் மாடு மேய்க்கிறவர்கள் ஒருநாள்கூட ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதில்லை. ஊர் இல்லை, ஊர்க்கூட்டம் இல்லை, கோயில் இல்லை, சாபம் இல்லை. பேசத் தெரியாத மனிதர்களை உருவாக்கிவிட்டு அவர்களால் ஒப்பந்தம் போட முடியவில்லை என்று அழுகிற கதை அது.

எலினார் ஆஸ்ட்ரம் செய்ததை ஒரு நல்ல வாசகியின் வேலையாகவே பார்க்கிறேன். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். 1990இல் வந்த அவருடைய புத்தகத்தில் மேய்ப்பர்கள் பேசத் தொடங்குகிறார்கள். துருக்கியின் அலன்யா என்கிற ஊரில் ஏறக்குறைய நூறு மீனவர்கள். நல்ல இடத்துக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. கடலில் இருக்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் வைத்துப் பட்டியல் போட்டார்கள். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கினார்கள். ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஒரு இடம் கிழக்கே நகரவேண்டும், அதற்குப் பிறகு மே மாதம் வரை ஒரு இடம் மேற்கே. நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். காவல் போட வேண்டியதில்லை, தன் முறைக்கு வந்து இறங்குகிறவன் அங்கே வேறொருத்தன் இருந்தால் அவனே சத்தம் போடுவான். நம் பழவேற்காட்டு ஏரியிலும் 'பாடு' என்ற பெயரில் இப்படிச் சீட்டு முறை உண்டு. முறை வைத்து மாறி மாறி வலை கட்டுவார்கள்.

ஆனால் ஆஸ்ட்ரம் கொடுத்த விதிகளில் முதல் விதியை நான் ரொம்ப நாள் மேலோட்டமாகக் கடந்துபோயிருக்கிறேன். எல்லை தெளிவாக இருக்கவேண்டும், யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருக்கவேண்டும். நல்லதுதானே என்று தோன்றும். உரிமை உள்ளவர் யார் என்று தெளிவாகச் சொன்னால் இல்லாதவர் யார் என்றும் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. பழவேற்காட்டில் பாடு உரிமை குறிப்பிட்ட ஊர்களுக்கு, குறிப்பிட்ட சாதிக்கு. அதே ஏரியில் கைகளால் இறால் பிடித்துப் பிழைக்கிற மற்றவர்கள் அந்தக் குலுக்கலில் இல்லை. பானையில் சீட்டு இருக்கிறவர்களுக்குள்ளேதான் நியாயம்.

தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது, தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். நாம் அதைக் காதல் கதையாக வாசித்துப் பழகிவிட்டோம், 1965இல் வந்த படமும் அதற்கு உதவியது. கருத்தம்மா, பரீக்குட்டி, கடலம்மா. ஆனால் அந்த நாவலின் முதல் முடிச்சு காதல் இல்லை. செம்பன்குஞ்சுக்குச் சொந்தமாகத் தோணியும் வலையும் வேண்டும். அந்தக் கரையில் யார் தோணி வைத்துக்கொள்ளலாம், யார் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்குச் சாதி வழக்கம் இருக்கிறது. துறையின் அரையனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். செம்பன்குஞ்சு அதை மீறுகிறான். அவன் பேராசைக்காரன் என்று நாம் சொல்கிறோம், கரையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இன்னொரு கணக்கில் அவன் பானையில் சீட்டு இல்லாதவன். தகழியின் மேதமை என்று நான் நினைப்பது, இரண்டையும் அவன் ஒருத்தனிடமே வைத்துவிட்டது. எந்த ஒழுங்கு கடலைக் காப்பாற்றியதோ அதே ஒழுங்குதான் செம்பன்குஞ்சுகளைக் கூலிக்காரர்களாகவே வைத்திருந்தது. நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை.

சொல்லப்போனால் 'செம்மீன்' வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1953இல், கொல்லம் பக்கம் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கிவிட்டது. மீனவர் வாழ்க்கையை முன்னேற்ற வந்த திட்டம் இன்ஜின் படகுகளைக் கொண்டுவந்தது. பிறகு இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கிடைத்த விலை, இழுவை மடியை இந்தியக் கடற்கரை முழுக்கப் பரப்பியது. தகழியின் நாவலில் அந்த இன்ஜின் சத்தம் இல்லை. தமிழில் அது கேட்பது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில்.

'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. மேலே சொன்ன சண்டைகள் உச்சத்தில் இருந்த அதே காலம். இந்த நாவலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் பிலோமியைப் பற்றிப் பேசுவார்கள். சரிதான், பேசாமல் இருக்க முடியாது. சாமிதாசை இழந்தும் கசப்பில்லாமல் நிற்கிற அந்தப் பெண் தமிழ் நாவலில் அபூர்வம். ஆனால் அப்படி வாசிக்கும்போது லாஞ்சுக்காரர்களுக்கும் வல்லத்துக்காரர்களுக்கும் நடக்கிற பகை பின்னணித் திரைச்சீலை ஆகிவிடுகிறது. 'மீனவர் வாழ்க்கைச் சித்திரிப்பு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். கல்லூரியில் முதல்முறை வாசித்தபோது நானும் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிப் பிலோமியிடம் போனவன்தான்.

இந்தத் தடவை மெதுவாக வாசித்தேன். லாஞ்சு வைத்திருக்கிறவன் வெளியாள் இல்லை. அதே ஊர், அதே கோயில், அதே சாவுக்கு அழுகிறவன். குரூஸ் மிக்கேலிடம் வல்லத்தை விற்கச் சொல்வது லாஞ்சுக்காரன்கூட இல்லை, அவருடைய சொந்த மகன் செபஸ்தி, வாத்தியார் வேலை பார்க்கிறவன். விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். பாசத்தோடு கேட்கப்படுகிற விஷயம். குரூஸுக்கு அது உயிரைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஹார்டினின் மேய்ப்பன் ஒருபோதும் சந்திக்காத சிக்கல் இது. நிலம் கட்டாந்தரை ஆவதற்கு முன்னாலேயே, மீன் தீர்வதற்கு முன்னாலேயே, ஒரு மனிதனுக்குத் தன் தொழில் அவமானமாக ஆகிவிடுகிறது. எந்த ஷெட்யூலரிலும் இதற்கு ஒரு காலம் கிடையாது. வல்லத்தையும் வீட்டையும் விற்ற பிறகு குரூஸ் புத்தி பேதலித்துப்போவதை முதல் வாசிப்பில் கொஞ்சம் மிகை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

குறை என்று ஒன்று சொல்லலாம். வண்ணநிலவன் எல்லோரையும் மன்னித்துவிடுகிறார். அவருடைய கருணை பெரியதுதான், ஆனால் லாஞ்சு யார் பணத்தில் வந்தது, எந்த மானியத்தில், பிடித்த இறால் எந்த ஏற்றுமதிக்குப் போனது என்கிற கேள்விகள் அந்தக் கருணைக்குள் கரைந்துவிடுகின்றன. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இந்த விஷயத்தில் இன்னும் பரந்தது. இரண்டு, மூன்று தலைமுறைக்கு நீள்கிற அந்த நாவலில் கட்டுமரம் எப்படி மெல்ல வேறொன்றாக ஆகிறது என்று பார்க்கலாம். நடுக்கடலில் உயிருக்குப் போராடுகிற மூன்று பேரை வைத்துக் கரையின் முழு வரலாற்றையும் சொல்லத் துணிந்த நாவல் அது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும், இங்கே இழுக்கவில்லை.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டருக்குள்தான். இறாலுக்கு நல்ல சேறு. ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு சுமார் 12 கடல் மைல். 1974 உடன்படிக்கைப்படி எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைலில் போகிறது. கரையிலிருந்து முதல் 3 மைல் நாட்டுப்படகுக்கு என்று கழித்துவிட்டால், அந்தத் திசையில் விசைப்படகுக்குச் சட்டப்படி மிஞ்சுவது ஏழெட்டு மைல். நூற்றுக்கணக்கான படகுகளுக்கு அது போதாது. அதுவும் வருடக்கணக்கில் மடி இழுத்துத் துடைத்த ஏழெட்டு மைல். கோட்டுக்கு அந்தப் பக்கம் 1983 முதல் 2009 வரை போர். வடக்கு மீனவர்கள் பாதுகாப்புத் தடைகளால் பெரும்பாலும் கரையில் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள், படகுகளை இழந்தார்கள், ஊர்களையே இழந்தார்கள். கடல் காலியாக இருந்தது. நம் விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்குப் பலர் பலியானார்கள், அதை எந்த வாதத்துக்காகவும் சின்னதாக்க மாட்டேன். ஆனாலும் போனார்கள், ஏனென்றால் தொழில் அதை நம்பித்தான் வளர்ந்திருந்தது.

2009க்குப் பிறகு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் கடன் வாங்கி ஃபைபர் படகும் வலையும் எடுத்துக் கடலில் இறங்கியவர்கள் சந்தித்தது யாரை? திங்கள், புதன், சனி இரவுகளில் வருகிற நம் படகுகளை. நிற்கிற வலை, ஓடுகிற வலை. மண்டபத்தில் 1970களில் நடந்ததே மறுபடி, ஆள்தான் வேறு. ஒரு ராத்திரியில் மொத்த முதலும் அறுந்துபோகும் என்பதால் அந்த மூன்று நாளும் அவர்களில் பலர் வலையே விடுவதில்லை. நாம் நமக்குள் சண்டையைத் தீர்த்துக்கொள்ள எழுதிய கால அட்டவணை, அதில் கையெழுத்துப் போடாத இன்னொரு கரையின் வாரத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.

நான் புகழ்ந்த அந்த அழகான விதி ஏன் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது என்பதற்கு நான் ஸ்லைடில் போடாத காரணம் இதுவாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். விசைப்படகுகளுக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வடிகால் இருந்தது. அதனால் இந்தப் பக்கம் அழுத்தம் குறைந்தது. மூன்று நாள் என்பது நாளைக் கட்டுப்படுத்தியதே தவிர இன்ஜினின் குதிரைத்திறனையோ மடியின் அளவையோ இல்லை. ஆஸ்ட்ரம் புத்தகத்தில் தோல்விக் கதைகளும் உண்டு. அதில் ஒன்று தென்னிலங்கையின் மாவெல்ல என்கிற கடற்கரை. கரைவலைகளுக்கு அருமையான சுழற்சி முறை வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் முறை வரும். ஆனால் வலைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. வலை பெருகப் பெருக ஒவ்வொருவருடைய முறையும் தள்ளிப்போனது, பங்கு தேய்ந்தது. சுழற்சி கடைசி வரை நியாயமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

தமிழில் நாம் இதை எப்படி எழுதியிருக்கிறோம்? கடற்படை சுடுவதை, சிறைப்பிடிப்பதை எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியதுதான். 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் நாளுக்கு நூறு தடவை சொல்கிறோம். அந்தக் கொடியின் மறுமுனையில் வலை அறுந்தவனை மையமாக வைத்து, இந்தக் கரையில் எழுதப்பட்ட ஒரு நாவலை நான் வாசித்ததில்லை. நம் கதைகளில் அந்தப் பக்கம் இருப்பது ஒன்று சீருடை, இல்லாவிட்டால் அகதி. வலையோடு நிற்கிற ஒரு தொழில்காரன், நம்மிடம் நஷ்டஈடு கேட்கிற உரிமையுள்ளவன், இல்லை. ஹார்டினின் மேய்ப்பனுக்குப் பெயர் இல்லை என்று கிண்டல் செய்தேன், நம் கடலிலும் ஒரு பெயரில்லாத மேய்ப்பனை வைத்திருக்கிறோம்.

நிஜத்தில் அவர்கள் பேசிப் பார்த்தார்கள். 2010 ஆகஸ்டில் இரண்டு கரை மீனவர்களும் நேரில் உட்கார்ந்தார்கள். அங்கே பேசப்பட்டது எல்லைக்கோடு இல்லை, நாள் கணக்கு. ஒரு வருடத்துக்குள் இழுவையை நிறுத்திவிடுவது, அதுவரை 70 நாள் மட்டும் வருவது. பழைய மூன்று-நான்கு ஏற்பாட்டின் மொழியிலேயே புது ஒப்பந்தம் எழுதப் பார்த்திருக்கிறார்கள். அரசுகளின் ஒப்புதல் இல்லாமல் அது நின்றுபோனது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அதே வருடம் இங்கே விசைப்படகுகளைக் கொடுத்துவிட்டு 80 லட்ச ரூபாய்க்கு ஆழ்கடல் சூரைப் படகு வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. 2,000 படகு இலக்கு, அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. தினமும் மாலை வீடு திரும்புகிற, இல்லாவிட்டால் மறுநாள் காலை திரும்புகிற ஒருத்தனை, வாரக்கணக்கில் கடலில் இரு, கடனையும் சுமந்துகொள் என்றால் எப்படி வருவான்? குரூஸ் மிக்கேலை வல்லத்தை விற்கச் சொல்கிற செபஸ்தியின் குரல்தான் எனக்கு அந்த அரசாணையிலும் கேட்கிறது. கெட்ட எண்ணம் இல்லாத குரல்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் ஹாஸ்டலில் என்னோடு இருந்த நண்பனுக்குப் போன் செய்தேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்காரன். அவன் அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. அவன் செமஸ்டர் ஃபீஸ் அந்தப் படகிலிருந்துதான் வந்தது, ஹாஸ்டலில் நாங்கள் தின்ற கருவாடும் அங்கிருந்துதான்.

"மாப்ள, அந்தப் பக்கம் வலை இருக்குன்னு தெரிஞ்சுதான் போவாங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். "தெரியாம எப்படிடா? மடியைத் தூக்கும்போது வருமே. அவங்க வலைத் துண்டு, மிதவை எல்லாம் சேர்ந்து வரும். அறுத்துக் கடல்ல போட்டுட்டு வருவாங்க. வேற என்ன செய்ய?"

"உங்கப்பா ஏதாச்சும் சொல்லிருக்காரா?"

"ஒருதடவ ஒரு மிதவைய வீட்டுக்குக் கொண்டாந்தாரு. வெள்ளைக் கலர். அதுல பேரு எழுதியிருந்துச்சு, பெயிண்ட்ல. தமிழ்ல. அம்மா அதப் பாத்துட்டு, இத ஏன் இங்க கொண்டாந்தீங்கன்னு சண்ட போட்டுச்சு. ரொம்ப நாள் கொல்லைல கெடந்துச்சு."

என்ன பேர் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை, அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.